காற்றுக்குக் கணக்கு வைக்கும் கம்பி: வாசகர் கேள்விகளும் மெக்கானிக் பதில்களும்

போன இதழில் ஏர் ஃபில்டரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் பொருளைப் பற்றித்தான் கேட்கின்றன. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று பார்க்கும் சென்சார். கோவையில் 35 வருடம் பட்டறை நடத்தியதில், காரணமே இல்லாமல் அதிகமாகக் கழற்றி எறியப்பட்ட பொருள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி ஏறி இறங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் "மாஃப் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். என் மைத்துனரோ "உன் வண்டியில் அந்த சென்சாரே கிடையாது" என்கிறார். யார் சொல்வது சரி?
— மேட்டுப்பாளையம் வாசகர்

உங்கள் மைத்துனர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்களே பார்த்துவிடலாம். பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்கு (எஞ்சினுக்குள் காற்றை விடும் வாசல்) போகும் தடித்த குழாயைப் பாருங்கள். பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் நாலைந்து வயர் செருகிய பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அதுதான் மாஃப், அதாவது காற்றின் நிறையை அளக்கும் சென்சார். இரண்டே வயர்தான் என்றால் அது வெறும் காற்று வெப்பநிலை சென்சார். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் கட்டைவிரல் அளவில் மூன்று அல்லது நான்கு வயரோடு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது மேப், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது. நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இந்த மேப்தான் இருக்கும்.

சரி, காற்றை எதற்கு அளக்க வேண்டும்? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெட்ரோல் காரில் உங்கள் கால் திறந்துவிடுவது காற்றின் வாசலை மட்டும்தான். உள்ளே வந்த காற்றைப் பார்த்து, அதற்கு ஏற்ற பெட்ரோலைத் தெளிப்பது கம்ப்யூட்டரின் வேலை. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 11 கிலோ காற்று, கிட்டத்தட்ட 9,000 லிட்டர். வீட்டு மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போல ஒன்பது தொட்டிக் காற்று, ஒரு பாட்டில் பெட்ரோலுக்கு! இந்தக் கணக்கில் நூற்றுக்குச் சில பங்கு பிசகினாலே புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி தன் வேலையைச் சரியாகச் செய்யாது, மைலேஜும் விழும்.

மேப் உள்ள வண்டி காற்றை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு சூடு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒவ்வொரு வேகத்திலும் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று தயாரிப்பாளர் முன்னமே சோதித்து எழுதிவைத்த அட்டவணை என்ன சொல்கிறது, இந்த நான்கும் போதும். பள்ளியில் படித்த வாயு விதிதான். உங்கள் எஞ்சின் 800 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது நொடிக்கு சுமார் 2 முதல் 3 கிராம் காற்றை இழுக்கும்.

அந்த சென்சார் நல்லதா கெட்டதா என்று பார்க்கக் காசு வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். உங்கள் ஊரில் அது 97 அல்லது 98 கிலோ பாஸ்கல் என்று காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து சூடேறி ஐடிலில் நின்றால் 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதை விட்டுவிட்டு த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கிறதா, வேக்குவம் ஹோஸ் எதிலாவது விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐடில் ஏறி இறங்குவதற்கு அங்கேதான் காரணம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் மாஃப் உள்ள ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. கிளம்பும்போது திணறல், ஸ்கேனரில் "கலவை மெலிந்திருக்கிறது", அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்ற பழுதுக் குறியீடு. நான் சென்சாரை மாற்றினேன். இரண்டு நாளில் அதே புகாரோடு திரும்பி வந்தது. அப்புறம்தான் பையனை பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் போட்டு லேசாக க்ளட்ச் விடச் சொல்லி, எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்புக் குழாயில், மடிப்பின் அடிப்பள்ளத்தில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் வாய் திறந்தது. எஞ்சின் நேராக நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். சென்சாரைத் தாண்டிய இடத்தில் காற்று கணக்கில் வராமல் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. சென்சார் தன்னைக் கடந்துபோன காற்றைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. சென்சாருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வண்டிக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிப்ளமோ ஆட்டோமொபைல் படிக்கிறேன். காற்றை அளக்க அழுத்தமானி, கதவு, சுழல், சூடான கம்பி என்று பாடத்தில் பல வகை வருகிறது. ஒரே வேலைக்கு ஏன் இத்தனை வகை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.
— சேலம் மாணவர்

தம்பி, மனப்பாடம் செய்யாதே. ஒவ்வொன்றும் முந்தையதில் இருந்த எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று பார். தானாக மனதில் நிற்கும்.

கார்பரேட்டர் காலத்தில் அளப்பது என்பதே தனியாகக் கிடையாது. குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவே ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். அளப்பதும் ஊற்றுவதும் ஒரே துளை. அழகான ஏற்பாடு, ஆனால் துல்லியம் போதாது. அமெரிக்காவில் புகைச் சட்டம் இறுகிய நேரத்தில், 1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற, பெட்ரோலைத் தெளிக்கும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அதன் அடிப்படை யோசனை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்துடையது. 1950களின் கடைசியில் பெண்டிக்ஸ் செய்து பார்த்தது, அன்றைய மின்னணுப் பாகங்கள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 'டி' என்பது ட்ரூக், ஜெர்மன் மொழியில் அழுத்தம். காற்று உறிஞ்சி எடுக்கப்பட்ட உலோகக் குமிழ்கள் அழுத்தத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, ஒரு சுருளுக்குள் இரும்புத் துண்டை நகர்த்தும். இன்றைய மேப் சென்சாருக்குத் தாத்தா அதுதான்.

அதில் என்ன குறை? அழுத்தத்தை வைத்துக் காற்றை ஊகிக்கிறோம். வால்வு தேய்ந்தால், எஞ்சின் பழசானால், எழுதிவைத்த அட்டவணை பொருந்தாது. சரி, காற்றோட்டத்தையே அளப்போம் என்று 1970களின் நடுவில் எல்-ஜெட்ரானிக் வந்தது. 'எல்' என்றால் லுஃப்ட், காற்று. குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. காற்று தள்ளத் தள்ளக் கதவு திறக்கும், அதன் அச்சில் இருக்கும் கரித்தடத்தில் ஒரு முள் நகரும், வோல்டேஜ் மாறும். கையால் தள்ளிப் பார்த்தால் புரிந்துவிடும் எளிமை. ஆனால் கதவே காற்றுக்குத் தடை. கரித்தடம் தேயும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அது காற்றின் எடையைச் சொல்லாது. வெயில் காலத்துக் காற்றும் மார்கழிக் காற்றும் ஒரே அளவு இடத்தை அடைத்தாலும் எடையில் வேறு. அதனால் கூடவே ஒரு வெப்பநிலை சென்சார் தேவைப்பட்டது.

ஜப்பானில் வேறு வழி பிடித்தார்கள். பலத்த காற்றில் மின்கம்பி ரீங்காரம் போடுவதைக் கேட்டிருப்பாய். கம்பிக்குப் பின்னால் காற்று இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்வதால் வரும் சத்தம் அது. தியோடர் ஃபான் கார்மான் ஆராய்ந்த சுழல்கள். காற்றின் வேகம் கூடினால் சுழல்களின் எண்ணிக்கையும் அதே கணக்கில் கூடும். குழாய்க்கு நடுவே ஒரு தூணை நிறுத்தி, பின்னால் எழும் சுழல்களை மிட்சுபிஷி அல்ட்ராசவுண்டால் எண்ணியது, டொயோட்டா நடுங்கும் சின்னக் கண்ணாடியில் ஒளி பாய்ச்சி எண்ணியது. நகரும் கதவு இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் எண்ணுவது இன்னும் வேகத்தைத்தான், எடையை அல்ல.

எடையைச் சொன்னது சூடான கம்பி. 1914இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லூயி வெசோ கிங் என்ற இயற்பியலாளர், காற்றோட்டத்தில் வைத்த சூடான மெல்லிய கம்பி எவ்வளவு வேகமாகக் குளிரும் என்பதற்குச் சூத்திரம் எழுதினார். ஆய்வகத்தில் காற்றோட்டம் அளக்கப் பயன்பட்ட அந்த யோசனை, 1980களின் தொடக்கத்தில் பாஷின் எல்எச்-ஜெட்ரானிக் ஆக வோல்வோ கார்களுக்குள் வந்தது. தலைமுடி அளவே தடிமன் உள்ள, 0.07 மில்லிமீட்டர் பிளாட்டினம் கம்பி. அதைக் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாகவே வைத்திருக்க வேண்டும். காற்று அதிகம் மோதினால் கம்பி ஆறும், ஆறவிடாமல் மின்சாரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டினோமோ அதுதான் விடை. அடர்ந்த காற்று அதிகமாக ஆற்றும், மெலிந்த காற்று குறைவாக ஆற்றும், அதனால் மலை, வெயில் எல்லாம் தானாகவே கணக்கில் வந்துவிடும்.

தூசி படிந்தால் கம்பியின் கணக்கு கெடும் இல்லையா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1990களில் மில் முதலாளி ஒருவரின் பழைய வெளிநாட்டுக் கார் என்னிடம் வரும். ஒரு நாள் சாயங்காலம், வெளிச்சம் மங்கிய நேரம். ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்து நிறுத்தினேன். சில நொடி அமைதி. பிறகு வலைக்குப் பின்னால் அந்தக் கம்பி செக்கச்செவேலென்று ஒரே ஒரு நொடி ஜொலித்து அணைந்தது. ஒட்டிய அழுக்கை எரித்துத் தள்ளத் தன்னையே சுமார் 1,000 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்கிறது. பையன்களைக் கூப்பிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து நிறுத்திக் காட்டினேன். இத்தனை வருடத்தில் பட்டறையில் நான் பார்த்த அழகான காட்சி அது.

கம்பிக்கும் ஒரு குறை இருந்தது. எஞ்சின் காற்றை ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டு விட்டு இழுக்கிறது. வால்வு பட்டென்று மூடும்போது காற்று மோதிக் கொஞ்சம் பின்னால் வரும். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் கம்பி ஆறத்தான் செய்யும், ஆகவே திரும்பி வந்த காற்றையும் சேர்த்து எண்ணிவிடும். 1990களில் கம்பிக்குப் பதில் சிலிக்கான் சில்லு வந்தது. சில மைக்ரான் தடிமன் உள்ள படலம், நடுவில் ஹீட்டர், முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்பநிலை உணரி. காற்று முன்னோக்கிப் போனால் முன்னால் இருப்பது ஆறும், திரும்பி வந்தால் பின்னால் இருப்பது ஆறும். திசை தெரிந்துவிட்டது, திரும்பிய காற்றைக் கழித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

மேப்பும் சும்மா இருக்கவில்லை. 1954இல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை வெகுவாக மாறுவதைக் கண்டார். அதை வைத்துத்தான் அந்தப் பெரிய உலோகக் குமிழ் இன்று அரிசி மணி அளவுச் சில்லாகச் சுருங்கியிருக்கிறது. விலையும் குறைந்தது, தோற்றுப்போனது என்று நினைத்த முறை திரும்பி வந்தது. பரீட்சையில் இதை எழுது.

டர்போ டீசல் கார். ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது, பிக்கப் இல்லை. மெக்கானிக் அண்ணா சென்சாரைக் கழற்றி கார்பரேட்டர் க்ளீனர் அடித்து, பட்ஸால் துடைத்து, காற்று பிடித்து மாட்டினார். புகை குறையவில்லை, இப்போது செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது.
— திண்டுக்கல் வாசகி

அம்மா, அந்த மூன்றில் ஒன்று கூடச் செய்யக் கூடாது. மேலே சொன்ன படலத்தின் தடிமனை நினைத்துப் பாருங்கள். பட்ஸ் பட்டாலே கிழியும், கம்ப்ரஸர் காற்றில் தெறித்துவிடும். கார்பரேட்டர் க்ளீனர் பிளாஸ்டிக்கைத் தின்னும், எச்சமும் விடும். மாஃபுக்கென்று தனி ஸ்ப்ரே கிடைக்கிறது. தள்ளி நின்று அடித்து, கையால் தொடாமல், தானாக நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். அவ்வளவுதான். இப்போது லைட் எரிவதால் சென்சார் சேதமாகியிருக்கலாம். ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் முதலில் வந்த கரும்புகைக்கு சென்சார் காரணமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். டீசல் காரில் மாஃபின் வேலை கொஞ்சம் வேறு. எவ்வளவு புகையைத் திருப்பி உள்ளே விடலாம், புகை கக்காமல் அதிகபட்சம் எவ்வளவு டீசல் தெளிக்கலாம் என்று தீர்மானிக்கத்தான் அது. அழுக்குப் படிந்த சென்சார் பெரும்பாலும் காற்றைக் குறைத்துக் காட்டும். அப்போது கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும், பிக்கப் போகும், ஆனால் கரும்புகை வராது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. அப்படியானால் எண்ணி முடித்த காற்று வழியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் அழுத்தம் உண்டு. பெட்ரோல் காரில் விரிசல் காற்றை உள்ளே இழுத்தது, இங்கே வெளியே தள்ளும். கம்ப்யூட்டர் நிறையக் காற்று இருப்பதாக நம்பி டீசலைத் தெளிக்கும், எரியக் காற்று இருக்காது, கரியாக வெளியே வரும். ஹோஸின் அடிப்பக்கம், க்ளாம்ப் ஓரம் எங்கேயாவது எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக் கறுத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஏற்றத்தில் உஸ்ஸென்று விசில் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஸ்கூட்டர் ஊட்டி ஏறும்போது மூச்சு முட்டும். இப்போது கார் அப்படித் திணறுவதில்லையே, எப்படி?
— குன்னூர் வாசகி

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோ பாஸ்கல்தான், கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு. கார்பரேட்டர் காற்று மெலிந்ததற்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால் கலவை கெட்டியாகி, ப்ளக் கறுத்து, வண்டி திணறும். மலையில் வசிப்பவர்கள் சின்ன ஜெட் போட்டுக்கொள்வார்கள். இன்றைய கார் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும், ஸ்டார்ட் ஆகும் முன் மேப்பைப் படித்து ஊர் எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொள்கிறது. நிற்காமல் ஏறினால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நேரத்தில் புதுப்பித்துக்கொள்ளும், மீதியைப் புகைபோக்கியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் திருத்தும். கலவை சரியாக இருக்கும். ஆனால் காற்றே குறைவுதான், ஆகவே சக்தியும் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். டர்போ இருந்தால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

சென்சார் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா?
— கரூர் வாசகர்

வேண்டாம். த்ராட்டில் திறப்பையும் எஞ்சின் வேகத்தையும் வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டுகிறது. வீடு சேர மட்டும் சரி. ஆனால் நீங்கள் செய்தது நல்ல சோதனை: பிடுங்கினால் நன்றாக ஓடுகிறது என்றால் சென்சாரோ அதன் வயரிங்கோ தவறான தகவல் தருகிறது என்று அர்த்தம். முதலில் கனெக்டரின் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) போட்டால் காற்று சென்சார் குழம்பிவிடுமா?
— விழுப்புரம் வாசகர்

குழம்பாது. சென்சார் காற்றை மட்டும்தான் பார்க்கிறது. மாறுவது விகிதம்: 14.7க்குப் பதில் சுமார் 13.5 கிலோ காற்றுக்கு 1 கிலோ எரிபொருள். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தெளிப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் (தெளிப்பில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) மேலே போயிருந்தால் அதற்காக சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

இனி இந்த சென்சார்கள் எங்கே போகும்? எலக்ட்ரிக் கார் வந்தால் தொழிலே மாறுமே. என் மகன் மெக்கானிக் வேலை கற்கிறான், இதைப் படித்து என்ன பயன் என்கிறான்.
— ஈரோடு வாசகர்

எலக்ட்ரிக் காருக்கு எரிக்கக் காற்று வேண்டாம், அதில் மாஃபும் இல்லை, மேப்பும் இல்லை. ஆனால் நம் ரோட்டில் இன்று ஓடும் எஞ்சின் வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு மோட்டார் சைக்கிளிலும் இன்ஜெக்‌ஷன் ஏறிவிட்டது. முன்பு கார்பரேட்டர் ட்யூன் செய்தவர்கள் கையில் இன்று மேப் சென்சார் இருக்கிறது. புதிய சென்சார்கள் ஒரே கூட்டுக்குள் காற்றின் நிறை, வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் அளக்கின்றன. ஈரப்பதம் எதற்கு என்றால், காற்றில் நீராவி கூடினால் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. வோல்டேஜாக அனுப்பாமல் எண்ணாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன, வயரில் துரு பிடித்தாலும் அளவு மாறாது என்பதற்காக. அதனால் பழையபடி மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஸ்கேனரில் நேரலை அளவுகளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பட்டறைக்கு வரும் நல்ல வண்டி ஒவ்வொன்றிலும் சாவி ஆனில் மேப் எவ்வளவு, ஐடிலில் எவ்வளவு, மாஃப் இருந்தால் நொடிக்கு எத்தனை கிராம் என்று எழுதி வைக்கட்டும். பழுதான வண்டி வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நான் அப்படி எழுதிய நோட்டுகள் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன. இந்த இதழுக்கு எழுதுவதற்குக் கூட முதல் நோட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன்.